எதுவும் நடக்காத புத்தகம்

லிஃப்ட்காரர் மேல்வீட்டு ஐயாவுக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்து நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து. அதில் நாற்பத்து நாலாயிரத்து நூறு, ஆறு மாத வாடகை. மிச்சம் இருநூற்று எழுபத்தைந்து, தண்ணீர் மோட்டார் ரிப்பேரில் கீழ்வீட்டுப் பங்கு.

அந்த ஆறு மாதத்தில் முதல் மூன்று மாதம் கம்பெனி அவருக்குச் சம்பளம் போடவில்லை. அடுத்த மூன்று மாதம் போட்டது. அதைக் கொண்டுபோய்ப் புது பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டார். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் பழுது பார்த்துப் பத்து மாடி ஏற்றி இறக்குகிறவருக்கு, பதினெட்டுப் படி ஏறி வாடகை கொடுக்க மட்டும் கால் வரவில்லை.

ஐந்தாம் தேதி காலை ஐயாவே கைத்தடியை ஊன்றி இறங்கி வந்தார்.

"என்னப்பா, மாசக் கடைசிக்குள்ள மொத்தமும் வரணும். இல்லேன்னா காலி பண்ணிக் குடுத்துடு. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

"ஐயா, கம்பெனியில இன்னும்..."

"கம்பெனி பைக் வாங்கிக் குடுத்திருக்கு போல?"

வாசலில் நின்ற பைக் பளபளத்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூட லிஃப்ட்காரர் இன்னும் கழற்றவில்லை. உறை கிழிந்தால் பைக் பழசாகிவிடும் என்பது அவருடைய கொள்கை.

ஐயா படியேறிப் போனதும் லிஃப்ட்காரரின் மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"புது வீடுன்னா அட்வான்ஸுக்கு எங்க போவீங்க? என் வாடிக்கை பூரா இந்தத் தெருவுலதான் இருக்கு. இவளுக்கு ரெண்டு மாசத்துல பரீட்சை. பைக்ல குடித்தனம் பண்ணப் போறோமா?"

"பார்த்துக்கலாம்."

"அதைத்தான் ஆறு மாசமாப் பார்த்துக்கிட்டு இருக்கோம்."

அன்று இரவுச் சாப்பாடு முடிந்து எட்டு மணிக்கு, பத்தாவது படிக்கும் மகள் சன்னலோரம் உட்கார்ந்து வரலாற்றுப் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள். ஏதோ இரண்டு நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை. இருபத்திரண்டு ஷரத்துகள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள், அந்த இரண்டு நாடுகளே அதை மறந்துவிட்ட பிறகு.

மறுநாள் காலை, பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் ஐயாவைப் பார்த்துவிட்டுப் பைக்குக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். பைக் அவ்வளவு பெரியது இல்லை.

"நேத்து கீழ யாருப்பா வாசிச்சது?" ஐயா முகத்தில் ஒரு தெளிச்சி.

"என் பொண்ணுங்க. தொந்தரவா இருந்தா..."

"தொந்தரவா? அருமையா இருந்துச்சு. தினமும் வாசிக்கச் சொல்லு."

வாடகை என்ற சொல்லே வரவில்லை. ஐயா கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு நடைக்குப் போனார்.

லிஃப்ட்காரருக்கு மூளை ஓடியது. அது ஓடினால் யாருக்காவது செலவு என்பது அந்த வீட்டின் அனுபவம். ஐயா பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேலே இரண்டு கண்ணாடி அலமாரி நிறையத் தடித்தடியாகப் புத்தகங்கள் உண்டு. தெருவே அவரைப் பெரிய படிப்பாளி என்று சொல்லும். அலமாரியின் சாவி தொலைந்து ஒன்பது வருஷம் ஆகிறது என்பதைத் தெரு சொல்லாது.

அன்று சாயங்காலம் மச்சானைக் கூப்பிட்டு ஆலோசனை நடந்தது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகலாம் என்று வந்தவருக்கு நாலாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டுகிற வேலை. ஆயிரக்கணக்கான புத்தகங்களை வெளிப்பக்கம் கரைத்துக் குடித்தவர்.

"மாமா, இதுல யோசிக்கவே வேண்டாம். ஐயா ரசிகர். வெறும் சரித்திரப் பாடத்துக்கே இப்படிக் குளிர்ந்து போறாருன்னா, உலகத்துச் செவ்வியல் இலக்கியத்தைக் குடும்பமா உக்காந்து வாசிச்சோம்னா என்ன ஆகும்?"

"என்ன ஆகும் மாப்ள?"

"வாடகையப் பத்திப் பேசுறதே அநாகரிகம்னு நெனைப்பாரு."

"நீ வாடகைன்னு ஒண்ணு குடுத்திருந்தா அதைப் பத்தி உனக்குத் தெரிஞ்சிருக்கும்டா," என்றாள் அக்கா.

முதல் புத்தகத்தை மச்சான் தேர்ந்தெடுத்தார். கப்பல், கலகம், தீவு, புதையல். நூறு வருஷமாக விற்கிறது, ஆகவே செவ்வியல் என்றார். மகள் நன்றாக வாசித்தாள். கப்பலில் கலகம் வெடித்தபோது மிஷின் நின்றது. பீரங்கி முழங்குகிற இடத்தில் மச்சான் உற்சாகம் தாங்காமல் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தார். லிஃப்ட்காரர் "விடாதே, பிடி அவனை!" என்று கத்தினார். அந்த வீட்டில் நாலு பேரும் ஒரே விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தது அதுதான் முதல் தடவை.

தலைக்கு மேலே டொக், டொக், டொக் என்று கைத்தடி தரையில் இடித்தது.

காலையில் ஐயாவின் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இதெல்லாம் ஒரு புத்தகமாய்யா? முப்பதாம் தேதி ஞாபகம் இருக்குல்ல?"

மச்சான் உடனே விளக்கம் சொன்னார்: "கண்ணைப் பார்த்தீங்களா மாமா? அழுதிருக்காரு. ரசனை இப்படிக் கீழ போயிடுச்சேன்னு."

அடுத்தது ஒரு நகைச்சுவைப் புத்தகம். பழைய காலத்து உயர்ந்த ஹாஸ்யம், பெரிய மனிதர்கள் சிரிப்பது என்றார் புத்தகக் கடைக்காரர். பெரிய மனிதர்கள் எப்படிச் சிரிப்பார்களோ, லிஃப்ட்காரர் குடும்பம் உருண்டு புரண்டு சிரித்தது. மகளுக்கு வாசிக்க முடியாமல் விக்கல் வந்தது. இந்தத் தடவை கைத்தடி ஒன்பது தடவை இடித்தது. காலையில் மேல்வீட்டில் சமைத்துப் போடுகிற அம்மா ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முப்பதாம் தேதி, இருபதாம் தேதி ஆகியிருந்தது.

"புத்தகம் வாங்கிப் பத்து நாளைத் தொலைச்சிட்டீங்க," என்றாள் மனைவி. "இன்னும் ரெண்டு வாங்கினா நேத்தே காலி பண்ணியிருக்கணும்."

லிஃப்ட்காரர் நூலகத்துக்கு ஓடினார்.

"குடும்பத்தோட சத்தமா வாசிக்கிற மாதிரி ஒரு செவ்வியல் நூல் வேணும்."

"என்ன மாதிரி?" நூலகர் தலை நிமிரவில்லை.

"கௌரவமா இருக்கணும். சிரிப்பு வரக் கூடாது. சண்டை கூடாது."

"கடைசி அலமாரி, மேல் தட்டு. இங்க தட்டாதீங்க, வெளிய போய்த் தூசி தட்டுங்க."

லிஃப்ட்காரர் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி எடை பார்த்தார். தொழில் பழக்கம். அட்டையில் யாராவது சிரித்தால் திரும்ப வைத்தார். குதிரை இருந்தால் திரும்ப வைத்தார். குதிரை இருந்தால் எங்காவது ஓடும். கடைசியில் ஒன்று கிடைத்தது. தொள்ளாயிரத்து நாற்பது பக்கம். முன்பக்கத்தில் தேதி முத்திரை ஒன்றே ஒன்றுதான் விழுந்திருந்தது, அதுவும் எடுத்த மறுநாளே திருப்பிக் கொடுத்ததாக. இதுதான் என்று அவருக்கு உள்ளுணர்வு சொன்னது. பெரிய மனிதர்கள் பெரிய புத்தகம் என்று புகழ்வதெல்லாம் இந்த உள்ளுணர்வில்தான் என்பது அவருக்குத் தெரியாது.

ஒரு பண்ணை வீட்டுக் குடும்பத்தின் கதை. முதல் அறுபது பக்கமும் அந்த வீட்டின் மாடிப்படி. படியின் மரம், மரத்தின் ரேகை, ரேகையைப் பார்த்தபோது வீட்டுக்காரருக்குத் தோன்றிய எண்ணம், அந்த எண்ணத்தைப் பற்றி மறுநாள் அவருக்குத் தோன்றிய இன்னொரு எண்ணம். மகள் வாசித்தாள். மனைவி ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை தைத்தாள். மச்சான் கன்னத்தில் கை வைத்து ஆழமாக இருந்தார்.

மேலே சத்தமே இல்லை.

காலையில் ஐயா படியிறங்கி வந்த அழகே வேறு. பத்து வயசு குறைந்திருந்தது.

"இதுதாம்ப்பா புத்தகம்! எடுத்ததுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே சீரா. ஒரு ஆர்ப்பாட்டம் உண்டா? ஒரு கூச்சல் உண்டா?"

"ஐயா, அந்த இருபதாம் தேதி..."

"கிடக்கட்டும். இன்னிக்கு நேத்து வாசிச்சதையே திரும்ப வாசிக்கச் சொல்லு."

லிஃப்ட்காரர் உள்ளே ஓடி வந்து சொன்னதும் மச்சான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"திரும்பக் கேக்குறாரா? மாமா, ரசனைன்னா இதுதான். நாம மாடிப்படியைப் பார்த்தோம். அவரு அதுக்குள்ள இருக்கிற மனுஷனைப் பார்த்திருக்காரு."

"படியில மனுஷனே இல்லையே மாமா," என்றாள் மகள். "அறுபது பக்கத்துல ஒருத்தரும் ஏறக்கூட இல்ல."

"நடக்கக் கூடாதும்மா. ஏதாவது நடந்தா அது பொழுதுபோக்கு. எதுவுமே நடக்கலைன்னா அது இலக்கியம்."

இப்படிப் பேசி மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மச்சான் பாவம், அக்கா வீட்டுச் சாப்பாட்டுக்குப் பேசினார்.

மாடிப்படியை மூன்று நாள் வாசித்தார்கள். பிறகு தோட்டம் வந்தது, நாலு நாள். ஐயா வாசலில் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். ஆனால் கீழ்வீடு தேய ஆரம்பித்தது. இரண்டு இடது கைச் சட்டைக்காரர் தெரு முழுவதும் சொல்லிவிட்டார். மூன்று வாடிக்கை போயிற்று. லிஃப்ட்காரர் வேலை செய்யும் இடத்தில் கண் சொக்கி, ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் தன்னையே மாட்டிவைத்துக்கொண்டார். அவரை எடுக்க இன்னொரு லிஃப்ட்காரர் வர வேண்டியிருந்தது. அந்த ஆளுக்குக் கொடுத்த கூலியைக் கம்பெனி இவர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து நூற்று எழுபதாம் பக்கத்தில் காத்திருந்தது. அங்கே கதையில் ஏதோ நடக்கத் தொடங்கியது.

லிஃப்ட்காரர் பதறிப்போனார். மறுநாள் பென்சிலோடு உட்கார்ந்து முன்கூட்டியே படித்து, எங்கெல்லாம் ஏதாவது நடந்ததோ அங்கெல்லாம் அடித்தார். பண்ணை வீட்டின் மூத்த மகளுக்குக் காதல் வந்தது, அடித்தார். தம்பி குதிரையிலிருந்து விழுந்தான். அட்டையில் இல்லாத குதிரை உள்ளே இருந்ததில் அவருக்கு மோசம் போன கோபம், இரண்டு கோடாக அடித்தார். வானம், வயல், வீட்டுக்காரரின் எண்ணம் இவற்றை விட்டுவைத்தார்.

"அப்பா, இது நூலகப் புத்தகம்!"

"பென்சில்தானே."

"அந்தப் பொண்ணு எங்க போனா? நேத்து கெணத்தடியில நின்னா. இன்னிக்கு அவளையே காணோம். அப்புறம் எல்லாரும் கோதுமையைப் பத்திப் பேசுறாங்க."

"அவ எங்கயும் போகல. நீ கோதுமையைப் படி."

மகள் படித்தாள். இரண்டு நாள் கோதுமை. மூன்றாம் நாள் பக்கத்தைத் திருப்பி, அடித்த வரிகளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், அடித்த வரியிலிருந்தே வாசிக்கத் தொடங்கினாள்.

மூத்த மகள் மழையில் வீட்டை விட்டுப் போகிறாள். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தை அவர் பூட்ஸுக்குள் வைத்துவிட்டுப் போகிறாள். காலையில் அவர் பூட்ஸை மாட்டும்போது உள்ளே ஏதோ உறுத்துகிறது. கல் என்று நினைத்து உதறுகிறார். கடிதம் சேற்றில் விழுகிறது. அவர் பார்க்காமலே வயலுக்கு நடக்கிறார்.

"ஏய், நிறுத்து," என்று சொல்ல வாயைத் திறந்த லிஃப்ட்காரர் அப்படியே இருந்துவிட்டார். தொள்ளாயிரம் பக்கத்தில் தூசிக்குள் இவ்வளவு நேரம் இது இருந்திருக்கிறது. மகளின் குரல் உயர்ந்தது. மச்சான் மூக்கை உறிஞ்சினார்.

"யோவ், குனிஞ்சு பாருய்யா!" என்று மனைவி அலறினாள். "உன் பொண்ணு போறாய்யா! குனிஞ்சு பாரு!"

டொக் டொக் டொக் டொக். பிறகு தடியோடு காலடியும் படியில் கேட்டது. ஐயா கலைந்த தலையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கழிச்சுக் காலையில வீடு காலியாகணும். பாக்கியோட. ஒரு நிமிஷம் தாமதம்னாலும் சாமான் தெருவுல கிடக்கும்."

"ஐயா, பொண்ணுக்குப் பரீட்சை..."

"எனக்கு மட்டும் என்ன, உயிர் இல்லையா?"

மறுநாள் முழுவதும் மூட்டை கட்டினார்கள். பைக்கை விற்கலாம் என்று விசாரித்ததில், பாக்கியில் பாதிகூட வரவில்லை. மனைவி மிஷினைச் சாக்கில் சுற்றினாள். மகள் தன் பாடப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டு, பண்ணை வீட்டுப் புத்தகத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு மூலையில் தனியாகப் படித்தாள்.

எட்டு மணி ஆயிற்று.

"பாப்பா, இன்னிக்கு ஒரு நாள். அந்த மாடிப்படியை மட்டும் வாசிச்சிடு. மனசு மாறினாலும் மாறும்."

"மாட்டேன்."

"அந்தப் புத்தகத்தையாவது குடு, நான் வாசிக்கிறேன்."

"மாட்டேன். முடிக்கிற வரைக்கும் யாருக்கும் தர மாட்டேன். நீங்க மிச்சத்தையும் அடிச்சிடுவீங்க."

வீட்டில் மூட்டைக்குள் போகாமல் இருந்தது இன்னொன்றுதான். பைக் பெட்டியில் கிடந்த கம்பெனிப் புத்தகம், லிஃப்ட் பராமரிப்பு விதிகள். எண்ணெய்க் கறை படிந்த நீல அட்டை. லிஃப்ட்காரர் அதை எடுத்துக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்தார்.

"மாமா, இதைப் போயா?" மச்சான் கூசிப்போனார். "அவரு எவ்வளவு பெரிய ரசிகர்!"

"போடா. நீ சொன்ன செவ்வியலாலதான் தெருவுக்கு வந்தோம்."

அவருக்கு வாசிப்பு அவ்வளவு வராது. எழுத்துக் கூட்டி, மூச்சு வாங்கி, ஒரே குரலில் இழுத்தார்.

"பகுதி நான்கு. இழுவைக் கயிறு. கயிற்றின் தேய்மானத்தை மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். தேய்மானம் அளவுக்கு உட்பட்டிருந்தால் அளவுக்கு உட்பட்டிருக்கிறது என்று எழுத வேண்டும். அளவுக்கு உட்படாமல் இருந்தால் அளவுக்கு உட்படவில்லை என்று எழுத வேண்டும்..."

மேலே தடி இடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பகுதி ஐந்து, ஆறு, கதவுத் தாழ், மசகு எண்ணெய் என்று தொண்டை கட்டும் வரை வாசித்தார். தன் தொழிலின் புத்தகத்தை அவர் முழுசாகப் படித்ததும் அன்றுதான். இத்தனை வருஷம் எத்தனை தப்புச் செய்திருக்கிறோம் என்று வியர்த்தது.

விடிந்தது. சாமான் வண்டி வாசலில் நின்றது. ஐயா வரவில்லை. சமைக்கிற அம்மா மட்டும் ஒரு காகிதத்தோடு இறங்கி வந்தாள்.

மகள் வாங்கிப் படித்தாள். "'பாக்கி நாற்பத்து நாலாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்தும் தள்ளுபடி. இனிமேல் வாடகையும் பாதி. நேற்று வாசித்த புத்தகத்தையே, நேற்று வாசித்தவரே, தினமும் வாசிக்க வேண்டும்.' கீழ கையெழுத்து போட்டிருக்காரு."

லிஃப்ட்காரர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மனைவி காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னும் பின்னும் அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

மச்சானுக்குத்தான் முதலில் பேச்சு வந்தது. "நான் சொல்லல? ஒரு எளிய தொழிலாளி தன் தொழிலை வாசிக்கிறான். அதுல இருக்கிற வாழ்க்கைத் தத்துவத்தை ஐயா பிடிச்சிட்டாரு! கயிறு தேயுதுன்னா அது வெறும் கயிறா?"

லிஃப்ட்காரர் தொண்டையைக் கனைத்து, நீல அட்டையை வேட்டி நுனியால் துடைத்தார். குரலில் ஒரு தோரணை வந்துவிட்டது. "ஏம்மா, ஐயா எந்த இடத்தை ரொம்ப ரசிச்சாரு? இன்னிக்கு அங்க கொஞ்சம் அழுத்திப் படிக்கலாம்னு."

சமைக்கிற அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரசிச்சாரா? அட நீங்க ஒண்ணு தம்பி, பதினோரு வருஷமா மாத்திரை போட்டும் பொட்டுத் தூக்கம் இல்லாத மனுஷன், நேத்து நீங்க கயித்தை ரெண்டாவது தடவை அளக்குறதுக்குள்ள குறட்டை விட ஆரம்பிச்சுட்டாரு. அவரோட மாத்திரைச் செலவுக்கு முன்னால உங்க வாடகையெல்லாம் எந்த மூலைக்கு!"